இரத்தப் புற்றுநோயும் நோவு மருந்தும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எல்லாருடைய கண்ணும் இரத்த ரிப்போர்ட்டில்தான் இருக்கும். வெள்ளணு கூடிவிட்டதா, பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் அணு) இறங்கிவிட்டதா, ஹீமோகுளோபின் எவ்வளவு. நோயாளிக்கு இடுப்பு உளைந்து இரவில் நித்திரை இல்லை என்பது அந்தக் கடதாசியில் வராது. கேட்டாலும், "வருத்தம் என்றால் நோகத்தானே செய்யும்" என்று அவரே கதையை முடித்துவிடுவார்.

அப்படி விடத் தேவையில்லை. நோவுக்கான மருத்துவம் புற்றுநோய் மருத்துவத்தோடு சேர்ந்தே நடக்க வேண்டியது. கீமோ முடியட்டும் என்று காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை. ஆனால், இந்த நோய்க்காரருக்கு நோவு மருந்து கொடுப்பதும் முழங்கால் வாதத்துக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. பிளேட்லெட், சிறுநீரகம், காய்ச்சல் என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் எந்தக் குளிசையும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும். மருந்தின் அளவை உங்கள் டொக்டர் சொல்வார். அவரிடம் போகும் முன்னும் வந்த பின்னும் வீட்டில் செய்ய வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை: எந்த நோவு என்று பிரித்தறிவது

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. லுகேமியா, லிம்ஃபோமா, மைலோமா என்று பிரியும். நோவும் அதற்கேற்ப மாறும். எலும்பு அதிகம் நோவது மைலோமாவில். முதுகு, விலா, இடுப்பு என்று நோவு வரும்; எலும்பு அரித்துப் பலவீனமாகி, குனிந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கினாலே முள்ளந்தண்டு எலும்பு நசிந்துபோகலாம். லுகேமியாவில் எலும்பு மச்சைக்குள் நோய்க் கலங்கள் நெருக்கியடித்து நிறைவதால் கால் எலும்பும் மூட்டும் நோகும். பிள்ளைகள் நடக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பது சிலவேளை இதனால்தான். லிம்ஃபோமாவில் வீங்கிய கழலை பக்கத்தில் உள்ளதை அழுத்தி நோவு தரும்.

இன்னொரு கூட்டம், மருந்தினால் வரும் நோவு. வின்கிரிஸ்டின், போர்டெசோமிப், தலிடோமைட் போன்றவை நரம்பைத் தாக்கும். உள்ளங்கால் எரியும், விரல் விறைக்கும், செருப்புக் கழன்றாலும் தெரியாது. சில கீமோ மருந்துகளால் வாய் புண்ணாகும். வெள்ளணுவைக் கூட்டப் போடும் ஃபில்கிராஸ்டிம் ஊசிக்குப் பிறகு இடுப்பும் நெஞ்செலும்பும் விண்விண் என்று தெறிக்கும். எலும்பு மச்சை வேலை செய்யத் தொடங்குவதால் வருகிற நோவு அது. நோய் கூடிவிட்டது என்று குடும்பமே பயந்துபோவது இந்த இடத்தில்தான். ஊசி போடும்போதே தாதியிடம் கேட்டு வைத்தால் அந்தப் பயம் மிச்சம்.

எந்த நோவு என்று தெரிவது ஏன் முக்கியம்? எரிவுக்குக் கொடுக்கும் மருந்து வேறு, எலும்பு உளைவுக்குக் கொடுக்கும் மருந்து வேறு. "உடம்பெல்லாம் நோகுது" என்று மொத்தமாகச் சொன்னால் மருந்தும் மொத்தமாகத்தான் வரும்.

வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்குங்கள்

எங்கள் பக்கத்தில் நோவு வந்தால் நடப்பது எல்லாருக்கும் தெரியும். சந்திக் கடையில் இரண்டு குளிசை, இல்லாவிட்டால் டிஸ்பென்சரியில் ஒரு ஊசி. அந்த இரண்டும் இரத்தப் புற்றுநோய்க்காரருக்கு ஆபத்தாக முடியலாம்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின். வோல்டரன், பொன்ஸ்டான், டிஸ்பிரின் என்று பெட்டியில் வேறு பெயர் இருக்கலாம். இவையெல்லாம் பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும், இரைப்பையில் இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தை வதைக்கும். ஆரோக்கியமான ஒருவருக்குப் பிளேட்லெட் ஒரு மைக்ரோலீற்றருக்கு 150,000க்கு மேல் இருக்கும். கீமோ எடுப்பவருக்கு அது எங்கேயோ அடியில் கிடக்கலாம். அந்த நேரத்தில் இந்தக் குளிசை இரத்தப்போக்கைக் கூப்பிட்டு எடுப்பதுதான். மைலோமாக்காரருக்கோ நோயே சிறுநீரகத்தைக் குறிவைக்கிறது. அதற்கு மேல் டைக்ளோஃபெனாக் கொடுத்தால் டயலிசிஸ் வரை கொண்டுபோய் விடலாம். நாள்பட்ட முதுகு நோவு என்று மாதக்கணக்கில் இந்தக் குளிசைகளைத் தின்ற பிறகுதான் பலருக்கு மைலோமா என்றே தெரியவருகிறது. என் பெரியப்பாவின் கதையும் கிட்டத்தட்ட அதுதான்.

அதனால் நோயாளி இருக்கும் வீட்டு அலுமாரியில் இவை கண்ணில் படக் கூடாது. அக்கம்பக்கத்தார் அன்பாகக் கொண்டுவந்து தந்தாலும் வேண்டாம். டொக்டர் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தானே எழுதித் தந்தால் அது வேறு கதை.

தசையில் போடும் ஊசியும் அப்படியே. பிளேட்லெட் குறைந்தவருக்கு ஊசி போட்ட இடத்தில் உள்ளே இரத்தம் கட்டி வீங்கும். மலவாசலில் வைக்கும் மருந்தும் இரத்த அணு எண்ணிக்கை குறைந்த நாட்களில் கூடாது. அங்கே ஒரு சின்னக் கீறல் போதும், கிருமி உள்ளே போக.

அப்புறம் எண்ணெய் வைத்தியம். முதுகு நோவுக்கு முறிவு வைத்தியரிடம் போய் எண்ணெய் போட்டு நீவி, இழுத்து, பற்றுக் கட்டுவது எங்கள் ஊர்களில் தலைமுறைப் பழக்கம். நான் அதைப் பழிக்கவில்லை. ஆனால் மைலோமாவில் அரித்துப்போன முள்ளந்தண்டை அழுத்தினாலோ இழுத்தாலோ எலும்பு நொருங்கி நரம்பு நசிபடலாம், கால் விளங்காமல் போகலாம். மெல்லத் தடவிக்கொடுப்பது சரி, நீவல் வேண்டாம். பேஸ்புக்கில் விற்கும் "இரத்தச் சுத்தி" லேகியங்களைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் மரியாதையான சொல் இல்லை. நாட்டு மருந்து ஏதாவது ஏற்கெனவே எடுக்கிறீர்கள் என்றால் கிளினிக்கில் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஏசினாலும் பரவாயில்லை.

பனடோலுக்கு முன் தேர்மோமீற்றர்

மிஞ்சி இருப்பது பனடோல், அதாவது பராசிட்டமோல். சாதாரண நோவுக்கு இரத்தப் புற்றுநோயில் கூடுதலாகப் பாவிப்பது இதைத்தான். அதற்கும் இரண்டு நிபந்தனைகள்.

முதலாவது, கீமோ எடுக்கும் காலத்தில் பனடோல் போடுமுன் உடல் வெப்பத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். வெள்ளணு இறங்கிய நேரத்தில் கிருமித் தொற்றைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளம் பெரும்பாலும் காய்ச்சல்தான். பனடோல் அந்தக் காய்ச்சலை அமத்திவிடும்; தொற்று உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். 38 பாகை செல்சியஸ், பழைய தேர்மோமீற்றரில் 100.4 பரனைட், அதற்கு மேல் இருந்தால் பனடோல் போட்டுவிட்டு விடியும் வரை பார்ப்போம் என்ற கதை வேண்டாம். இரவு 2 மணியானாலும் ஆஸ்பத்திரிதான். வீட்டில் தேர்மோமீற்றர் இல்லை என்றால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது அளவு. வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு வேளைக்கு இரண்டு, 24 மணி நேரத்தில் 8க்கு மேல் கூடாது. உடம்பு மெலிந்து 50 கிலோவுக்குக் கீழே போனவருக்கும் ஈரல் பழுதானவருக்கும் இதைவிடக் குறைவு, கேட்டுக்கொள்ளுங்கள். சளிக் குளிசையிலும், கோடெயின் சேர்ந்த நோவுக் குளிசையிலும் பராசிட்டமோல் கலந்திருக்கும். பெட்டியைப் பார்த்து அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிளினிக்கில் சொல்லும் முறை

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையாக இருந்தாலும் சரி, மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, கிளினிக் நாளில் டொக்டருக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடம். அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் சொல்வது "பரவாயில்லை டொக்டர்." வெளியே வந்து வாங்கிலில் இருந்த உடனே, "இடுப்புக் கொல்லுது மனே." இதை நான் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

அதனால் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு சின்னக் கொப்பி போதும். நோவுக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். 0 என்றால் நோவே இல்லை, 10 என்றால் தாங்கவே ஏலாது. காலையும் இரவும் எழுதினால் போதும். மணிக்கொருதரம் கேட்டு நோயாளியை அலுப்பாக்க வேண்டாம். எண்ணை விட எனக்குப் பிடித்தது அதற்குப் பக்கத்தில் எழுதும் குறிப்புத்தான்: இன்றைக்கு என்ன செய்ய முடிந்தது, என்ன முடியவில்லை. நிமிர்ந்திருந்து சோறு தின்றாரா, கிணற்றடிக்குத் தானே போனாரா, எத்தனை மணி நேரம் நித்திரை, பேரப்பிள்ளையோடு கதைத்தாரா, எரிந்து விழுந்தாரா. "நோவு 6" என்பதை விட "மூன்று நாளாகக் கட்டிலில் நிமிர்ந்து இருக்க ஏலவில்லை" என்பது டொக்டருக்குத் தெளிவாக விளங்கும். மருந்தைக் கூட்டுவதா மாற்றுவதா என்று முடிவெடுக்க அவருக்கு அது உதவும்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு மனித உருவம் கீறி நோகும் இடத்தில் புள்ளி வையுங்கள். சிங்களம் தெரியாமல் மஹரகமவிலோ அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ நிற்கும் நேரத்தில் இந்தப் படம் பேசும். நோவின் தன்மையையும் எழுதுங்கள்: உளைவா, குத்தா, எரிவா, விறைப்பா, மின்னல் வெட்டுகிற மாதிரியா.

ஒரே ஒரு எலும்பில் நிலையாக நோகிறது என்றால், அந்த இடத்துக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கலாமா என்று கேளுங்கள். சில வேளை ஒரே தடவை கொடுப்பதே நல்ல தணிவு தரும். மைலோமாக்காரருக்கு எலும்பைப் பலப்படுத்தும் சொலெட்ரோனிக் அசிட் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன் பல் டொக்டரிடம் காட்டிவிட வேண்டும். அந்த மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

மோர்ஃபின் என்று எழுதினால்

நோவு கூடும்போது ட்ரமடோல், கோடெயின், மோர்ஃபின் என்று மருந்து போகும். உலக சுகாதார நிறுவனம் 1986இல் சொன்ன படிமுறை இது: நோவின் கடுமைக்கேற்ற மருந்து, முடிந்தவரை வாயால், மணிக்கூட்டைப் பார்த்து.

மோர்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். "கடைசிக்கு வந்திட்டுது" என்று. அப்படியில்லை. வாய்ப் புண்ணால் விழுங்க ஏலாத லுகேமியாக்காரருக்கு இரண்டு கிழமைக்கு மோர்ஃபின் கொடுத்து, புண் ஆறியதும் நிறுத்துவார்கள். அவர் பிறகு வயலுக்கும் போவார். நோவுக்காக, டொக்டர் சொன்ன அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. உடம்பு அந்த மருந்துக்குப் பழகிப்போவது உண்மை. அதனால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இலங்கையில் இது 1929ஆம் ஆண்டு நஞ்சு, அபின், அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. சாதாரண ஃபார்மசியில் போய் வாங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் எண்ணித்தான் தருவார்கள். அதனால் முடிவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே அடுத்த மருந்துத் துண்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இரண்டு வகை உண்டு. ஒன்று கெதியாக வேலை செய்து ஏறக்குறைய 4 மணி நேரம் நிற்பது. மற்றது மெதுவாகக் கரைந்து 12 மணி நேரம் நிற்பது. மெதுவானதை உடைக்கவோ இடிக்கவோ சப்பவோ கூடாது. அரை நாள் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். நோவு வந்த பிறகு எடுப்போம் என்று வைத்திருப்பதும் பிழை. நேரத்துக்கு எடுத்தால் குறைந்த அளவே போதும். இடையில் குத்தி எழும்பும் நோவுக்குக் கெதியான வகையில் ஒரு மேலதிக அளவு தருவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அது தேவைப்பட்டது என்று கொப்பியில் கோடு போடுங்கள். கோடு கூடினால் அடிப்படை அளவு போதவில்லை என்று அர்த்தம்.

முதல் சில நாள் தூங்கி விழுவார், குமட்டும். பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் அது அடங்கும். அடங்காதது மலச்சிக்கல். அது மோர்ஃபின் எடுக்கும் வரைக்கும் கூடவே இருக்கும். ஆகவே மோர்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும்: சென்னா, பிசகோடில், லக்டுலோஸ் பாணி, எது தந்தாலும். துண்டில் அது இல்லாவிட்டால் வாய் திறந்து கேளுங்கள். பப்பாசியும் தண்ணீரும் உதவும், ஆனால் அவை மட்டும் போதாது. வின்கிரிஸ்டினும் சேர்ந்து ஏறினால் குடல் இன்னும் மந்தமாகும். மூன்று நாள் போகாமல் வயிறு ஊதி, வாந்தியும் வந்தால் ஆஸ்பத்திரி. வீட்டில் எனிமா வைக்க வேண்டாம்.

சிறுநீரகம் பழுதான மைலோமாக்காரருக்கு மோர்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கும். சிறுநீர் குறைந்தாலோ, ஆள் குழம்பிக் கதைத்தாலோ, கைகால் வெட்டி வெட்டி இழுத்தாலோ உடனே தெரிவியுங்கள். வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். சாராயம், கசிப்பு, டொக்டர் தராத நித்திரைக் குளிசை இவற்றோடு மோர்ஃபின் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும். அளவு மாறிய நாட்களில் மோட்டார் சைக்கிளும் வேண்டாம்.

தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை தந்திருந்தால் அது பொதுவாக 3 நாளைக்கு ஒன்று. சூடு பட்டால் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உச்சி வெயிலில் நிற்பது, பட்டைக்கு மேலே சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பது இரண்டும் ஆகாது. காய்ச்சல் வந்தாலும் இதே சிக்கல்தான். தகரக் கூரை வீட்டில் மருந்துப் பெட்டியைக் கூரைக்குக் கிட்ட வைக்காமல், பூட்டுப் போட்ட தாழ்வான, இருட்டான இடத்தில் வையுங்கள். மிஞ்சியதை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள். இந்தக் காலத்தில் அதை வீட்டில் விட்டுவைப்பது புத்தியில்லை.

நரம்பு எரிவும் வாய்ப் புண்ணும்

கால் எரிவுக்குப் பனடோலும் மோர்ஃபினும் அவ்வளவாகக் கேட்காது. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைத் தருவார்கள். வலிப்புக்கோ மனநோய்க்கோ தரும் குளிசையைத் தந்துவிட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னால் கலங்க வேண்டாம். நரம்பு நோவுக்கும் அதுதான். வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். விறைப்பு கூடிக்கொண்டு போனால் கீமோ நாளுக்கு முன்பே சொல்லுங்கள். அளவைக் குறைக்க வழி உண்டு. விறைத்த காலோடு வெறுங்காலில் முற்றத்தில் நடக்க வேண்டாம்.

வாய்ப் புண்ணுக்கு, கொதித்தாறிய ஒரு தம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்புப் போட்டு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்கலாம். மென்மையான பிரஷ், உறைப்பில்லாத ஆறின கஞ்சி. சட்டித் தயிரை வெள்ளணு குறைந்த நாட்களில் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மட்டக்களப்பு ஆளிடம் எருமைத் தயிர் வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்கும் தெரியும்.

பயணம், மாரி, நோன்பு, சடங்கு

மஹரகமவுக்குப் போவதென்றால் இரவு பஸ்ஸின் குலுக்கல் முள்ளந்தண்டு நோவுக்காரருக்குத் தண்டனை. முடிந்தால் கொழும்பு வரை உதயதேவி ரெயிலில் போங்கள். எழும்பி நடக்கலாம், கழிவறை உண்டு. வெளிக்கிட அரை மணி நேரத்துக்கு முன் மேலதிக அளவை எடுக்கலாமா என்று முதலே டொக்டரிடம் கேட்டு வையுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும், கூரையில் ஏற்றும் பெட்டியில் வேண்டாம்.

ஐப்பசி பிறந்தால் படுவான்கரைப் பக்கத்தவர்கள் வெள்ளத்தை நினைக்க வேண்டும். வீதி மூடி, வாவியைக் கடக்கும் மண்டூர் குருமண்வெளி மிதவைப் பாதையும் ஓடாமல் நின்றால் மருந்து முடிந்தவர் பாடு திண்டாட்டம். மாரிக்கு முந்திய கிளினிக்கிலேயே இதைச் சொல்லி, எத்தனை நாளுக்குக் கூடுதலாகத் தர முடியும் என்றும், அவசரத்துக்குக் கிட்டடியில் உள்ள ஆதார வைத்தியசாலையில் காட்ட ஒரு கடிதம் தர முடியுமா என்றும் கேளுங்கள். களுவாஞ்சிக்குடியோ, கல்முனையோ, அக்கரைப்பற்றோ, திருக்கோவிலோ, உங்களுக்கு எது வசதியோ அது.

நோன்பு காலத்தில் காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து வாப்பா, உம்மாமார் சொல்லாமலே பகல் குளிசையை விட்டுவிடுவார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. அதை மௌலவி வாயால் சொல்ல வைத்தால் கேட்பார்கள். பிடிக்கத்தான் வேண்டும் என்றால், 12 மணி நேர வகைக்கு மாற்றி சஹருக்கும் இஃப்தாருக்கும் எடுக்க முடியுமா என்று நோன்புக்கு முன்பே டொக்டரிடம் கதைக்க வேண்டும். தண்ணீர் குறைவது மைலோமாக்காரரின் சிறுநீரகத்துக்கு ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் திருக்குளிர்த்திச் சடங்குக்குப் போக வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்பட்டால் அதையும் கொப்பியில் எழுதுங்கள். நோவு மருத்துவம் இருப்பதே இதற்காகத்தான். அந்தக் கிழமை இரத்த எண்ணிக்கை எப்படி, சனம் குறைந்த நேரம் எது, கதிரை கொண்டுபோகலாமா, மேலதிக மருந்தை எப்போது எடுப்பது என்று டொக்டரோடு சேர்ந்து திட்டம் போடலாம். "இந்த நிலையில் கோயிலா" என்று தடுப்பதற்கு முன் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

உடனே 1990

கால் திடீரென்று பலமிழந்தால், தொடை இடுக்கில் விறைத்தால், சிறுநீர் போகாமலோ தெரியாமலோ போனால், முள்ளந்தண்டு நரம்பு நசிபடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மணித்தியாலக் கணக்கில் கால் பறிபோகும். திடீர்த் தலையிடி, பார்வை மங்கல், நிற்காத இரத்தம், கறுப்பு மலம், 38 பாகைக்கு மேல் காய்ச்சல், அடங்காத தாகத்தோடு குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழும்பாத நித்திரை, மெதுவான மூச்சு. எதுவானாலும் காத்திருக்க வேண்டாம். சுவசெரிய அம்புலன்ஸ் 1990, காசு இல்லை.

ஆள் ஏறும்போதே கிளினிக் கொப்பி, கடைசி இரத்த ரிப்போர்ட், எல்லா மருந்துப் பெட்டிகளும் ஒரே பையில் ஏற வேண்டும். அவசரப் பிரிவில் முதல் வசனம் இதுவாக இருக்கட்டும்: "இவருக்கு இரத்தப் புற்றுநோய், கடைசிக் கீமோ இந்தத் திகதி, இந்த நோவு மருந்து கடைசியாக இத்தனை மணிக்குக் கொடுத்தோம்." அங்கே நிற்பவர் நோவுக்கு ஊசி போட வந்தால், போடுமுன் பிளேட்லெட் எவ்வளவு என்பதைக் காட்டுங்கள்.